கரடி விழாத படம்

ஒன்பது மணிக்குச் சாலையை மூடிவிடுவார்கள்.
அக்டோபர். ஏழரைக்கே நல்ல இருட்டு.
இடையில் இருக்கும் ஒன்றரை மணிதான் எங்களுடையது.

பலியா ஏரிக்கரையின் விளிம்பில்
முக்காலிக்குக் கல் முட்டுக்கொடுத்தேன்.
கீழே ஃபகராஷ் மலைச்சாலை,
யாரோ கோபத்தில் கழற்றியெறிந்த இடுப்புவார் போல
வளைந்து வளைந்து கிடந்தது.
ஒரு வண்டி இல்லை.

வண்டி இல்லையென்றால் கோடு இல்லை.
அதற்காகத்தான் விலாய்க்குவை இழுத்துவந்தேன்.
கர்த்சிஷோவாராவில் மெக்கானிக்.
எனக்கு முந்நூறு லேய் பாக்கி.
"பெட்ரோல் உன்னுடையது, பிளம் சாராயமும் உன்னுடையது.
அடிவாரம் போய்த் திரும்பி வருகிறேன்,
கணக்குத் தீர்ந்தது" என்றான்.
அவன் தாச்சியாவுக்கு வலது பின்விளக்கு மங்கல்.
இருக்கட்டும் என்றேன்.

கிளம்பினான்.
ஷட்டரைத் திறந்து பூட்டினேன்.
நான்கு நிமிடம் போதும், கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.
சிவப்பு. திரும்பியதும் வெள்ளை. மறுபடி சிவப்பு.
ஒவ்வொரு வளைவிலும் பிரேக் ஒரு முடிச்சுப் போட்டது.
ஆறாவது வளைவில்,
ஃபிர் மரங்கள் தொடங்கும் இடத்தில்,
விளக்கு அணைந்தது.

சத்தமும் இல்லை.
போனில் சிக்னல் இல்லை.
அந்த வளைவுக்குத் தடுப்புச் சுவர் உண்டா?
எத்தனையோ முறை படம் எடுத்த இடம்,
நினைவுக்கு வரவில்லை.
ஐந்து நிமிடம். ஏழு.
ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம்.
பயந்தேன், உண்மைதான்.
ஆனால் பூட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.
இதை அவனிடம் இன்றுவரை சொன்னதில்லை.

பன்னிரண்டாவது நிமிடம்
அணைந்த இடத்திலேயே பிறந்தது வெளிச்சம்.
ஒன்றுமே நடக்காதது போல
அடுத்த வளைவுக்குப் போனது.

மேலே வந்ததும் பாட்டிலைத்தான் முதலில் தேடினான்.
"கரடி. இரண்டு குட்டி.
சுற்றுலாக்காரன் எறிந்த ரொட்டியைத் தின்றுகொண்டு நடுரோட்டில்.
வெளிச்சத்தில் மிரண்டு நின்றுவிட்டன.
தாய்க்காரி என் கதவுப் பக்கம்.
அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடியில் மூக்கை வைத்து ஊதினாள், தெரியுமா?"

திரையைக் காட்டினேன்.
உச்சியிலிருந்து அடிவாரம்வரை
ஒரே கோடு. அறுபடவில்லை.
ஆறாவது முடிச்சும் மற்ற முடிச்சுகளைப் போலத்தான்.
கரடி இல்லை. குட்டிகள் இல்லை.
மூச்சை அடக்கியபடி இருட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்த
சுவடும் இல்லை.
தன்னிடம் விளக்கு இல்லாதது எதுவும்
இந்தப் படத்துக்குள் வருவதில்லை.

"பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாயா?"
அவன் முகம் சுருங்கியது.

"மேலே பார்."
வானத்தைப் பெரிதாக்கினேன்.
துருவ நட்சத்திரம் மட்டும் புள்ளியாகவே இருந்தது.
மற்றதெல்லாம் நகர்ந்திருந்தன,
சோற்றுப் பருக்கை பருக்கையாய், ஒரே பக்கம் சாய்ந்து.
நான்கு நிமிட வானம் இவ்வளவு நீளாது.

கிரீஸ் படிந்த நகத்தை
ஒரு நட்சத்திரத்தின்மீது வைத்து அளந்தான்.
"இவ்வளவு நேரமா?"
"இவ்வளவு நேரம்."
அந்த நீளம் எனக்கும்தான் என்பதை
விழுங்கிக்கொண்டேன்.

கீழே தடுப்புக்கட்டையை இறக்கும் நேரம்.
முக்காலியை மடக்கும்போது சொன்னான்:
"முந்நூறு போதாது. கரடிக்குத் தனி."
கொடுத்தேன்.