முப்பத்தொன்றாம் பக்கம்

அக்டோபரில் பீட் கிழங்குகள் மண்ணைவிட்டு வெளியே வரும்.
இரவு முழுக்க நான் எடைமேடைக் கண்ணாடிக் கூண்டில்.
லாரி ஏறும், எண் விழும், சீட்டு கொடுப்பேன், லாரி இறங்கும்.
இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒன்றரைப் பக்கம் படிக்கலாம்.
மழையில் வயல் சேறானால்
ஓர் அத்தியாயம்.

நூலக வண்டி ஒரு புதன் விட்டு ஒரு புதன்
லூத்தரன் கோயிலுக்குப் பின்னால் வந்து நிற்கும்.
என் அலமாரி எதுவென்று ஓட்டுநருக்கே தெரியும்.
அட்டையில் எப்போதும் ஒரு பெண்
முதுகைக் காட்டிக்கொண்டு, கோதுமைக்கு நடுவே.
உள்ளே வெட்டுக்கிளி, தொண்டை அடைப்பான், கடன்காரன்,
பேச்சுக் குறைந்த ஒரு விவசாயி,
அத்தியாயத் தலையில் ஒரு சங்கீத வசனம்.
முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கிறாய் என்று
மகள் ப்ரிட்டா சிரிப்பாள்.
முடிவு தெரியாததை வாழ்ந்து பார்த்தாயிற்று என்று
அவளிடம் சொன்னதில்லை.
கார் டயரை மாற்றினாயா என்று கேட்பேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம், யார் தொடங்கினார்களோ.
முப்பத்தொன்றாம் பக்கத்துக் கீழ்மூலையில்
பென்சிலால் ஒரு குறி,
ஒரே புத்தகத்தை மறந்துபோய் மறுபடி எடுக்காமலிருக்க.
ஒருத்தி முக்கோணம் போடுவாள்.
ஒருத்தி மீன்.
நான் ஒரு புள்ளி, சுற்றி ஒரு வட்டம்.

இந்த முறை அவசரத்தில் பார்க்காமல் எடுத்துவிட்டேன்.
முப்பத்தொன்று வந்தபோது பென்சிலைத் தேடினேன்.
முக்கோணம். மீன்.
என் வட்டம்.

ஒரு வரிகூட நினைவில்லை.
ராக்னா என்ற பெயர் இல்லை,
அவள் கப்பலில் கொண்டுவந்த நீலப் பெட்டி இல்லை.
மண்கட்டி வீட்டுக் கூரையிலிருந்து மாவுப் பாத்திரத்தில்
ஒரு பாம்பு விழுகிறது.
பாம்பைக்கூடவா மறப்பேன்?
யாரோ என் குறியைத் திருடிவிட்டாள் என்றே நினைத்தேன்,
இருநூற்றுப் பன்னிரண்டின் இடுக்கில்
அந்தச் சீட்டு ஒட்டிக்கிடக்கும்வரை.
ஃபார்கோ மருத்துவமனை, வாகன நிறுத்தம், நான்காம் தளம்.
பிப்ரவரி ஒன்பது, காலை 5.40.

ஓரின் அன்றைக்கு இன்னும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கத்தில் எய்லிஃப்
மாட்டுக்குத் தீனி வைக்கப் பனிப்புயலுக்குள் போயிருக்கிறான்.
தொழுவம்வரை கட்டிய கயிறு
ராக்னாவின் கையில் தளர்ந்து வருகிறது.
அடுப்புக்கு முன் மண்டியிடுகிறாள்.
கர்த்தாவே என்கிறாள், அதற்குமேல் வரவில்லை.
அங்கேதான் மூடியிருக்கிறேன்.
பதினோரு வருடம் அவளை மண்டியிட்டபடியே விட்டுவிட்டு.

லாரி. எண். சீட்டு.
நல்ல கதையா என்றான் ஓட்டி வந்த பையன்.
பனி, என்றேன்.

பிறகு புரட்டினேன்.
இருநூற்றுப் பதினாறில் எய்லிஃப் வந்துவிடுகிறான்.
மாட்டின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்து பிழைத்தானாம்.
இரண்டு கால்விரல் போயிற்று, அவ்வளவுதான்.
நானும் அதே வார்த்தையில்தான் தொடங்கினேன்,
அதே இடத்தில்தான் நின்றுபோனேன்.
ஆண்டவரைக் குறை சொல்லவில்லை.
சொன்னேன், கொஞ்சம்.
என் எடைமேடை இருபது பவுண்டுக்குக் கீழ்
எதையும் கணக்கில் கொள்ளாது.
அந்த நான்கு பக்கத்தை வைத்தால் எண் அசைந்திருக்காது.

ஆனால் அடுத்த பக்கத்தில்
அவன் பாதத்தை மடியில் வைத்துத் துணி சுற்றுகிறாள்.
துணி தீர்ந்ததும் நீலப் பெட்டியைத் திறந்து
கல்யாணப் பாவாடையைக் கிழிக்கிறாள்.
கிழிபடும் அந்தச் சத்தத்தை மூன்று முறை படித்தேன்.
கடைசி இரவில் ஓரினின் பாதங்கள் அப்படித்தான் சில்லிட்டிருந்தன.
நான் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கைகளை
செவிலியின் கத்தரியால் வெட்டி அவனுக்கு மாட்டினேன்.
அது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றிருந்தேன்.

விடியும்போது வயலோரம் வெள்ளையாய் உறைந்திருந்தது.
முப்பத்தொன்றுக்குத் திரும்பி
வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டேன்.
சீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.
பாவாடை கிழியும் பக்கத்துக்கு மாற்றி வைத்தேன்.
மீன் போடுகிறவள் மறந்துபோய் மறுபடி எடுத்தால்
பார்க்கட்டும்.

வெளியே ஏழு லாரி வரிசையில்.
ஒருவன் ஹாரனைத் தொட்டான், மெதுவாகத்தான்.