பாரன் காடு

கா.ச. எண் நூற்று நாற்பத்தி மூணு.
பரப்பு நாலு ஏக்கர் சொச்சம்.
வடக்கே உப்பாற்று ஓடை,
மற்ற மூன்று பக்கமும் கிளுவை வேலி.
பேர், பாரன் காடு.
பாறைக்காடு என்றுதான் முப்பது வருசமாக
பத்திரத்தில் திருத்தித் திருத்தி எழுதினேன்.
பாறை என்று ஒரு கல்லும் கிடையாது அங்கே.

போன ஆடியில் வெள்ளைக்காரி ஒருத்தி வந்தாள்,
காற்று பிய்க்கும் முடியை ஒரு கையில் பிடித்தபடி.
மறு கையில் ஏழு கடிதங்களின் நகல்.
ஆஷ்வின் என்றாள்.
நம் பையன் எவனோ
அந்தச் சீமையில் கடன்பட்டுவிட்டான் என்று பயந்தேன்.

ஆஷ்வின் ஃபான் ஹோல்ட்டெபெக்.
ஹனோவரில் மூன்று கிராமம், தண்ணீரில் சுற்றும் ஒரு மாவு ஆலை,
ஓடு ஒழுகும் ஒரு பெரிய வீடு.
அத்தனையும் அண்ணனுக்கு.
தம்பிக்குப் பாரன் என்ற பட்டம்,
பன்றி செதுக்கிய மோதிரம்.
இங்கென்றால் வரப்பில் அரிவாள் எடுத்திருப்பான்.
அங்கே பட்டாளத்தில் சேர்ந்தான்.

அவன் ராஜாவே இங்கிலீசுக்கும் ராஜா.
பட்டாளத்தைக் கும்பினிக்கு வாடகைக்கு விட்டார்கள்.
லெப்டினன்டாகச் சென்னையில் இறங்கியவன்
தாராபுரம் வருமுன்னே கேப்டன்.
வீரமெல்லாம் இல்லை,
மேலே இருந்த இரண்டு பேரைப் பேதி கொண்டுபோனது.

பீரங்கி இழுக்கும் மாடுகளுக்கு அவன் பொறுப்பு.
நாலாம் கடிதம் முழுக்க மாடு.
மயிலை, செவலை, காரி என்று
கோணல்மாணலாக அவன் எழுத்தில்.
மைசூர்ப் படை ஒரு வரியிலும் இல்லை.
காரி ஒன்று இரண்டு நாளாகத் தண்ணீர் காட்டியும் குடிக்கவில்லை,
அது இருக்கிறது.

பதினோரு மாதம் சம்பளம் வரவில்லை.
மோதிரத்தைக் கழற்றித்
தட்டான் அத்தியப்பனிடம் நீட்டினான்.
அவன் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"பன்னிங்களா சாமி?"
சோளக்காட்டை ராத்திரியில் உழுதுபோடும் பிராணியை
விரலில் போட்டுத் திரிவார்களா ஒரு குலம்!
"எடைக்கு எடுத்துக்கறனுங்க. பன்னிக்குக் காசில்லீங்க."

ஐந்தாம் கடிதத்தில் இதை எழுதி
சிரித்தேன் என்கிறான்.
மை அந்த இடத்தில் திட்டாகக் கிடக்கிறது.

அந்தக் காசில்தான்
மசக்காளியிடம் ஒரு வள்ளம் கொறங்காடு,
மாடு மேய்க்கக் குத்தகை.
கொழுக்கட்டைப்புல் அவன் எழுத்தில் வாயில் நுழையாத ஏதோ ஆகிவிட்டது.
அவன் பட்டம் மசக்காளி வாயில்
பாரன் ஆனது போலவே.

ஏழாம் கடிதம் ஐந்தே வரி.
சமாதானமாம். கோட்டையை விட்டுக் கிளம்பச் சொல்கிறார்கள்.
மாடுகள் யாருக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.
அப்புறம் கடிதம் இல்லை.

கல்லறை ஏதும் இருக்குமா என்று கேட்டாள்.
எனக்குத் தெரிந்தது வில்லங்கம் பார்ப்பது.
குத்தகை எழுதியதற்கு அவள் கையில் கடிதம் உண்டு,
ரத்தானதற்கு எங்கும் இல்லை என்றேன்.
அவளுக்கு அது போதும் போலிருந்தது,
புல்லில் ஒரு பிடி பிடுங்கிப் பையில் போட்டாள்.

மோதிரம்?

உருக்கியிருப்பான் அம்மா.
தோடோ மூக்குத்தியோ
மூலனூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில்
இப்போது பந்தி பரிமாறிக்கொண்டிருக்கும்.