கறள் குழுவின் கணக்குக் கொப்பி

முதல் பக்கத்தில் என் கையெழுத்து:
அனுமதி நூறு ரூபா. எல்லாருக்கும் நூறு.
அதிபருக்கும் நூறு, அவர் அடிச்ச பொடியனுக்கும் நூறு.
"தம்பி, நான் ஆரெண்டு தெரியுமோ?"
தெரியும் ஐயா. நூறு.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போற றோட்டில்
பூட்டிக் கிடந்த அரிசி ஆலை.
உமி மூக்கில் ஏறும். தும்மலோடுதான் கச்சேரி தொடங்கும்.
ஜெனிற்றா பாட்டு. பாட்டு என்றால் கத்தல்.
குகதாரணி பேஸ் கிற்றார்.
அமலதாசின் ட்ரம்மில் ஒன்று கடையில் வாங்கினது,
மற்றது மண்ணெண்ணெய்ப் பரல்.
சிவரூபன் கிற்றாருக்கு ஐந்து கம்பி.
ஆறாவது வாங்கக் காசு வந்தபிறகும் போடவில்லை,
பழகிட்டுது என்றான்.
எனக்கு ஒன்றும் வாசிக்கத் தெரியாது.
மைலோ ரின்னைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கத் தெரியும்.

'செவ்வாய்க்கிழமை' ஒன்றரை நிமிசப் பாட்டு.
நுண்கடன்காரன் மோட்டார் சைக்கிள்
ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கிற்றாரில் வரும்.
முன்னால் நிற்கிற பெண்கள் முதலில் சிரிப்பார்கள்.
பிறகு அது சிரிப்பில்லை.

ஒருநாள் ஒருத்தன் துள்ளுகிற சாட்டில்
பெட்டையளை இடித்துக்கொண்டு நின்றான்.
ஜெனிற்றா பாட்டைப் பாதியில் வெட்டினாள்.
"அவன்ர நூறைக் குடு."
கொடுத்தேன். சனம் வழி விட்டது.
அடுத்த மாதம் அதே நூறோடு வந்து
சுவரோடு சாய்ந்து நின்றே கேட்டான்.

சிவில் உடுப்பில் இரண்டு பேர்
என்ன பாட்டு, எதைப் பற்றி என்று விசாரிக்க வந்தார்கள்.
உள்ளே போய்க் கேளுங்கோ, நூறு நூறு.
கட்டினார்கள். பற்றுச்சீட்டும் கேட்டார்கள்.
பதினோராம் பக்கம்: இருவர், இருநூறு.

கிளிநொச்சியில் ஒருமுறை
எங்களுக்குச் சொல்லாமலே மேடைக்குப் பின்னால்
ரெலிபோன் கொம்பனியின் பென்னாம்பெரிய பனர்.
கழற்றக்கூடாது என்றார்கள்.
கழற்றவில்லை.
ட்ரம்ஸைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தோம்.
இருநூறு பேர் எழும்பி
கதிரைகளைத் திருப்பிப் போட்ட சத்தம்
அன்றைக்கு வாசித்த எல்லாவற்றையும்விட நன்றாயிருந்தது.

கொழும்பிலிருந்து வந்தவர் நல்ல மனுசன்தான்.
தேத்தண்ணி குடித்தார், பரலைத் தட்டிப் பார்த்தார்,
அல்பம் போடலாம், ஐந்து லட்சம் என்றார்.
படம் மட்டும் கூரையில்லாத வீடு ஒன்றுக்குள்
நின்று எடுக்கவேணும். சிரிக்கக் கூடாது.
குகதாரணி கேட்டாள்:
"எங்கட வீட்டுக்கு ஓடு போட்டாச்சு. அங்க எடுக்கலாமோ?"
அவர் போனபிறகு நெடுநேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

இதையும் எழுதிவைக்கிறேன், கொப்பி என்னுடையது:
நான் ஓம் சொல்லச் சொன்னேன்.
அமலதாசின் ஓட்டோவுக்கு நாலு மாத லீசிங் பாக்கி.
ஐந்து லட்சத்தில் ஐந்திலொன்று போதும்.
கைதூக்கிக் கேட்டோம்.
அமலதாஸ்தான் முதலில் வேண்டாம் என்றான்.
அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.
மார்கழி மழைக்குள் ஓட்டோவை இழுத்துக்கொண்டு போனார்கள்.
அந்தக் கிழமைதான் 'செவ்வாய்க்கிழமை'யை
அவன் இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தான்.
யாருக்கும் கூடவே ஓட முடியவில்லை.

கனடாவிலிருந்து கேட்டார்கள், மேசைக்கு ஆயிரம் டொலராம்.
மேசை இருக்கிற இடத்தில் துள்ள ஏலாது என்று
ஜெனிற்றா பதில் போட்டாள்.

ஆறு வருசம். நாற்பத்தொரு கச்சேரி.
சண்டை ஒன்றும் இல்லை, அறிவிப்பும் இல்லை.
சிவரூபனுக்குக் கட்டார் விசா,
குகதாரணிக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
ஆலையைக் கூட்டித் துப்புரவாக்கித் திறப்பைக் கொடுத்துவிட்டு
ரின்னைக் கவிழ்த்தோம். நானூற்றிப் பத்து.
நாலால் பிரித்தால் மிச்சம் விழுகுது என்றேன்.
"ஐந்தால பிரி, விசரா," என்றாள் ஜெனிற்றா.

ஆளுக்கு எண்பத்திரண்டு.
கிளிநொச்சிக்கு பஸ் காசு எழுபத்தெட்டு.
அமலதாஸ் பரலைத் தோளில் வைத்துக்கொண்டு
சந்தியில் நின்றான்.
முதல் பஸ்காரன் பரலை ஏற்ற மாட்டேன் என்றான்.
இரண்டாவதும்.