இரண்டு துளைகள்

சாட்ஸ்வொர்த் கடைப்பையன் முதலில் காட்டியது
எட்டு டெராபைட், நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்று.
"செம வேகம், ஆண்ட்டி."
வேகம் எனக்கு எதற்கு?
நான் சேமிப்பது முடிந்துபோன கல்யாணங்கள்.

பதினொரு வருடம் எடிட் செய்தவை.
விவாகரத்து ஆனவர்கள்கூடத் திரும்பி வருகிறார்கள்,
தாலி கட்டுவது வேண்டாம்,
பந்தியில் அப்பா சிரிக்கும் அந்த எட்டு வினாடி
இருக்கிறதா என்று.
இருக்கிறது என்று சொல்லத்தான்
இந்தப் பெட்டி.

அறுநூறு ராண்ட் மலிவானதைப் புரட்டிப் பார்த்தேன்.
லேபிள் வாய் திறக்கவில்லை.
மாடல் எண்ணைப் போனில் தேடியதும் தெரிந்தது,
ஓட்டுக்கூரை போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம்
பாதி ஏறிக் கிடக்கும் வகை.
நடுவில் ஓர் ஓட்டை மாற்ற
பக்கத்து வரிசையெல்லாம் கழற்றி அடுக்க வேண்டும்.
ஜோடியில் ஒன்று செத்து
மற்றதிலிருந்து மீட்கும் இரவில்
இது மூச்சுத் திணறும் என்று எழுதியிருந்தார்கள்.
அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.
திருப்பி வைத்தேன்.

இரட்டையரையும் வாங்கக்கூடாது.
ஒரே வாரம் ஒரே ஆலையில் பிறந்தவை
ஒரே வாரத்தில் படுத்தாலும் படுக்கும்.
ஒன்றை இங்கே எடுத்தேன்,
இன்னொன்றுக்கு மாரிட்ஸ்பர்க் வரை கார்.
ஹைவேயில் மழை, லாரிகள்,
சாகரன் வழிநெடுக:
"ஒரு டிஸ்க்குக்கா இவ்வளவு பெட்ரோல்?"
ஜோடி சேர்க்கிறேன் என்றேன்.
வரிசை எண்களை வைத்துப் பொருத்தம் பார்த்தேன்,
பொருந்தக்கூடாது என்று வேண்டிக்கொண்டு.

இவ்வளவும் சுலபம்.
கணக்கு உதைத்தது வாட்டில்.

வீட்டில் இருப்பது ஒரு யு.பி.எஸ்,
அதில் துளை இரண்டு.
ஒன்று சாகரனின் முகமூடி இயந்திரத்துக்கு.
போன மார்ச்சில் தூக்க டாக்டர்
மணிக்கு முப்பத்தாறு முறை அவன் மூச்சு
நின்று நின்று வருவதாக
அச்சடித்துக் கொடுத்தார்.
இருபத்திரண்டு வருடம் அதைக் குறட்டை என்று
முழங்காலால் உதைத்துக்கொண்டிருந்தேன்.

லோட் ஷெடிங் இரண்டு மணி நேரம்,
சில நாள் இரண்டரை.
வேகமான டிஸ்க் இரண்டும் சேர்ந்தால் பதினாறு வாட்,
சுழலத் தொடங்கும்போது இன்னும் கேட்கும்.
மெதுவானவை ஒன்பது.
மிச்சம் ஏழு.
ஏழு வாட்டுக்கு எத்தனை மூச்சு?
கடைப்பையனிடம் கேட்கிற கேள்வியா இது.
ரசீதின் முதுகில் பெருக்கினேன், அடித்தேன்,
மறுபடி பெருக்கினேன்.

நான்கு டெரா, ஐயாயிரத்து நானூறு சுற்று.
வாரண்டி மூன்று வருடம்:
புது டிஸ்க் தருவார்கள்,
உள்ளே சிரித்த அப்பாவைத் தர மாட்டார்கள்.
அதனால் மூன்றாவது நகல் ஒன்று
தங்கை நீர்மலா வீட்டில்,
சாக்ஸ் போடும் டிராயரில்.

ஆனாலும் ஒன்பது வாட் ஒன்பது வாட்தானே.

நேற்று ராத்திரி பத்துக்குக் கரண்ட் போனது.
யு.பி.எஸ் ஒரு முறை கத்தியது.
நான் அமைத்து வைத்திருந்தபடி
பெட்டி ஐந்து நிமிடம் பொறுத்தது,
கையிலிருந்த வரியை எழுதி முடித்தது,
முள்ளை ஓரமாய் ஒதுக்கிக்கொண்டது.
வட்டுகளின் ரீங்காரம் இறங்கி இறங்கி
எப்போது நின்றது என்றே தெரியவில்லை.
இரண்டாயிரத்துச் சொச்சம் மணமக்கள்
ஒரே நேரத்தில் படுத்துவிட்டார்கள்.

மிச்ச மின்சாரம் முழுக்க
கட்டிலின் அந்தப் பக்கம் போனது.
இருட்டில் எண்ணினேன்.
முப்பத்தாறு தாண்டி, நூறு தாண்டி,
எங்கேயோ எண்ணிக்கை தப்பிப்போயிற்று.
முகமூடிக்குள்ளிருந்து என்னவோ கேட்டான்,
"பெட்டி நின்னுடுச்சா" போலிருந்தது.

நின்னுடுச்சு,
நீ தூங்கு.