ஐந்து முனைத் திருகாணி

சிலுவைத் தலை, ஒற்றைக் கோடு, ஆறு முனை,
எல்லாவற்றுக்கும் என்னிடம் திருப்புளி இருந்தது.
இந்த ஐந்து முனைக்கு மட்டும்
ரயிலேறி ரிச்சி தெரு போனேன்.
'திறக்காதே' என்பதை இரும்பில் எழுதினால்
இப்படித்தான் இருக்கும் என்று
திரும்பி வரும்போது காட்பாடி வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடை ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்,
வங்காளத்தில் பெயர் எழுதிய லாட்ஜுக்குக் கீழே.
நாலடிக்கு ஆறடி.
மே மாதத்தில் மின்விசிறி
அனலைக் கிண்டிவிடும், அவ்வளவுதான்.
பக்கத்தில் தஸ்தகீர், கண்ணாடி ஒட்டுகிறவன்.
அவனுக்கு எந்தக் கம்பெனி மேலும் கோபம் கிடையாது.

எனக்கு உண்டு.
பொய்கைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய மாட்டை
எந்தக் கயிற்றில் கட்டலாம் என்று
விற்றவன் ராத்திரியில் வந்து மாற்றிவிட்டுப் போனால்
அடுத்த செவ்வாய் அவன் சந்தைக்குள் கால் வைப்பானா?
இங்கே அதற்கு அப்டேட் என்று பெயர்.
உடைந்த திரையை மாற்றித் தருகிறேன்.
'இது அசல் பாகம் அல்ல' என்று
நான் சரிசெய்த போனே
என்னைப் பற்றிக் கோள் சொல்கிறது.

இதையெல்லாம் சொன்னால் ரேணு சிரிப்பாள்.
என் தங்கை.
விடிகாலை மூன்றே முக்காலுக்கு
வாலாஜா டோல்கேட்டில் கம்பெனி பஸ் ஏறுகிறாள்.
ஒரு போனுக்கு இரண்டு திருகாணி, பதினோரு நொடி.
சொந்த போனை வெளியே லாக்கரில் வைக்க வேண்டும்.
போன் செய்கிற இடத்தில் போன் கூடாது.
அவள் மூடுவதை நான் திறக்கிறேன்.
இரண்டு பேருக்கும்
கட்டைவிரலில் ஒரே இடத்தில் காய்ப்பு.

அந்தத் தொழிற்சாலை எங்களால் வந்தது என்கிறார் ஒருவர்.
இல்லை, எங்களால் என்கிறார் இன்னொருவர்.
இருவருமே அவளைக் கூப்பிடுகிறார்கள்,
பதிவுசெய்த குரலில்,
'அன்புச் சகோதரி ரேணுகாம்பாள்' என்று.
வாக்காளர் பட்டியலிலேயே அவள் பெயர் தப்பு.
சரியான பெயரை யாரிடம் வாங்கினார்கள்?
கேட்டுப் பார்த்தாள். அந்தக் குரலுக்குக் காது வைக்கவில்லை.

அப்பாவுக்கு யாரும் போன் செய்வதில்லை.
ராணிப்பேட்டை தோல் ஷெட்டில்
சுண்ணாம்பும் குரோமும் இருபத்தாறு வருஷம்.
ரேகை போய்விட்டது.
ரேஷன் கடை மெஷின் நாலு தடவை உதடு பிதுக்கும்.
கண்ணைக் காட்டச் சொல்வார்கள். கண்ணில் புரை.
அரிசிப் பையோடு ஆள் நிற்கிறார்,
அப்படி யாரும் இல்லை என்கிறது சிவப்பு விளக்கு.

போன வாரம் மால்டாக்காரர் ஒருவர், பிமல் மண்டல்,
மனைவியின் போனை நீட்டினார்.
ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம் அதற்குள்.
திறக்க அவர் விரல் வேண்டும்.
'கூட்டிட்டு வாங்களேன்' என்றேன், யோசிக்காமல்.
அவர் தன் ஆள்காட்டி விரலை
மறுகையால் கவ்விக் காட்டினார்.
அந்த விரலில் ஏற்கெனவே ஒரு கிளிப் இருக்கிறது.
பக்கத்தில் ஒரு எண் மின்னுகிறது,
தொண்ணூற்று ஒன்று, எண்பத்தெட்டு.

என் பெட்டியில் முப்பத்தெட்டு திருப்புளி.
உதவி எண்ணுக்கு அடித்தேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டு
இருபத்திரண்டு நிமிஷம் பியானோ வாசித்தது.
தஸ்தகீர் கல்லாவைத் திறந்து
நாலாயிரத்தை அவர் சட்டைப்பையில் திணித்தான்.
'இன்னா பாத்துனு கீற?' என்றான் என்னை.
நானும் இரண்டாயிரம் போட்டேன்.
மிச்சம் என் போனுக்குத் தவணை கட்ட.
ஆமாம், அதே கம்பெனிதான். இன்னும் ஏழு பாக்கி.

வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல்
அந்தப் போனை அடகாக வைத்துவிட்டுப் போனார்.

நேற்று அது அடித்தது.
பூட்டிய போனிலும் அழைப்பை எடுக்கலாம்,
அந்த ஒரு சந்தை மட்டும் அடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.
ஒரு குழந்தை வங்காளத்தில் ஏதோ கேட்டது.
'மா' மட்டும் புரிந்தது.
இரு, இரு என்றேன் தமிழில்.
சூடான பாத்திரத்தைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
லாட்ஜ் மாடிப்படி ஏறினேன்.
அறை எண் தெரியாது.