வரிக்கு இரண்டு டாலர்

பத்திரிகை அலுவலகத்தில் படிவம் நீட்டுகிறார்கள்.
மேசைக்கு இந்தப் பக்கம் ஷெர்ஸ்டி,
எழுபத்திரண்டு வயது, ஈரக் கையுறை, இரவல் பேனா.
பெயர்: ராக்னா ட்வெய்ட்.
வயது: தொண்ணூற்றேழு.
தொழில் என்ற இடத்தில்
இரண்டு விரற்கடை வெற்றிடம்.

குடியானவன் மனைவி என்று எழுதி
அடிக்கிறாள்.
தாய் என்று எழுத வேண்டாம்,
பிள்ளைகள் பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும்
என்கிறாள் அலுவலகப் பெண். ஒரு வரி மிச்சம்.
ஆசிரியை.
அங்கே பேனா நிற்கிறது.

பத்தொன்பது வயதில்
வடக்கு டகோட்டாவின் ஓரறைப் பள்ளிக்கு வந்தவள்.
எட்டு வகுப்பு, பதினான்கு பிள்ளைகள், ஓர் அடுப்பு.
மூன்று பையன்கள் அவளைவிட உயரம்.
விடியுமுன் பனியில் நடந்துபோய்
மை உறைந்த புட்டிகளை
அடுப்போரம் வரிசையாக வைப்பாள்,
முட்டையை அடைக்கு வைப்பதுபோல்.

தாலி இல்லாத ஊர்தான். ஆனாலும்
கல்யாணம் ஆனவளுக்குக் கரும்பலகை கிடையாது
என்பது பள்ளிக் குழுவின் விதி.
மே மாதம் சாவியைக் கொடுத்தாள்.
ஜூனில் மணந்தாள்.
கணவன் பெயர் ஐவர்.
தமிழில் எழுதினால் ஐந்து பேர்;
அறுவடை நாளில் அவனுக்கு அது பொருந்தும்,
பேச்சில் அரை ஆள்கூடத் தேறமாட்டான்.

போர் வந்தது. வாத்தியார்கள் கப்பலேறினார்கள்.
குழுவின் மூன்று பேர்
தொப்பியைக் கையில் பிடித்தபடி முற்றத்தில் நின்றபோது
அவள் கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
நிறுத்தவில்லை.
ஆணுக்கு என்ன சம்பளமோ அதுதான், என்றாள்.
பத்து டாலர் குறையும், என்றார்கள்.
அப்படியானால் இந்தக் கோழியைக் கேட்டுப் பாருங்கள்.
வியாழக்கிழமை மறுபடி வந்தார்கள்,
தொப்பியோடும் பத்து டாலரோடும்.

ஷெர்ஸ்டிக்கு அப்போது எட்டு வயது.
வீட்டில் மூர். அம்மா என்று அர்த்தம்.
பள்ளியில் மிஸஸ் ட்வெய்ட்.
ஒருநாள் பென்சில் சீவும் கத்தி
உள்ளங்கையில் இறங்கியது.
மூர், என்றாள்.
கரும்பலகையை விட்டு அந்த முதுகு திரும்பவில்லை.
"பேச வேண்டுமானால் கையைத் தூக்கு."
தூக்கினாள்.
ரத்தம் மணிக்கட்டைத் தாண்டி
சட்டைக் கைக்குள் போனது.
பின்வரிசையில் யாரோ அழத் தொடங்கிய பிறகுதான்
சுண்ணக்கட்டி நின்றது.

அன்றிரவு மன்னிப்பு என்று ஒன்றும் இல்லை.
கட்டு மட்டும் இருமுறை அவிழ்த்துக் கட்டப்பட்டது.
மகளின் பங்குக்கு இருந்த சிவப்பு மாட்டை
ஒன்பது நாள் தாய் கறந்தாள்.
ஒன்பது. ஷெர்ஸ்டி எண்ணியிருக்கிறாள்.
இதற்கு எத்தனை வரி ஆகும்?

இன்னும் இருக்கிறது.
ஆறு வாரத்தில் போன நில்ஸ்.
ஆலங்கட்டி கால்மணி நேரத்தில் தின்ற முப்பது ஏக்கர்.
ஐவருக்கு வலப்பக்கம் விழுந்த ஆண்டு
அறுபத்தொரு வயதில் தானிய லாரி ஓட்டப் பழகி
வேலியில் பாதியைக் கொண்டுபோனது.
பேருந்து வந்து பிள்ளைகளை நகரத்துக்கு அள்ளிப்போக,
மூடிய பள்ளியைத் தொண்ணூறு டாலருக்கு வாங்கி
உருளை மரம் வைத்து இழுத்துவந்து
களஞ்சியமாக்கியது.
கரும்பலகையை யாரும் கழற்றவில்லை.
நல்ல விளைச்சல் ஆண்டில் கோதுமை ஏறி
ஏழாம் வகுப்பின் வகுத்தல் கணக்கைப்
பாதிவரை மூடும்.
மீதி என்னவென்று
ஜனவரியில் விற்றுத் தீர்ந்தபின்தான் தெரியும்.

அடக்கம் என்றைக்கு, கேட்கிறாள் அலுவலகப் பெண்.
இது பிப்ரவரி. நிலம் ஆளுயரத்துக்கு உறைந்திருக்கிறது.
கடப்பாரை இறங்கும்வரை
உடல் குளிரறையில் காத்திருக்கும்.
"மே மாதம். விதைப்பு முடிந்த பிறகு."
விதைப்பைத் தள்ளிப்போட்டால்
அவள் எழுந்து வந்துவிடுவாள்.

தொழில் என்ற இடத்தில்
மிஸஸ் ட்வெய்ட் என்று எழுதுகிறாள்.
அது பெயராயிற்றே, என்கிறாள் அந்தப் பெண்.
ஷெர்ஸ்டி கையுறையை மாட்டிக்கொள்கிறாள்.