விளையாட்டாக

கேள்விகள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன.
ஒன்பதாவது: வீடியோ கேம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்.
பத்தாவது: அவற்றில் துப்பாக்கி உண்டா.

ஸ்கார்பரோ, பிப்ரவரி. நன்னடத்தை அலுவலகத்தில்
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுட்டது.
அலுவலர் பெனுவா, தாய் தவமலர், பையன் சாரங்கன்,
நடுவில் நான்,
மணிக்கு முப்பத்திரண்டு டாலருக்கு ஒரு வாய்.
கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான்:
மால் பார்க்கிங்கில், கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் கட்டையால்
கூடப் படிப்பவனை அடித்தான்.
புருவத்துக்கு மேல் ஏழு தையல்.
ஏன் என்பது நான்காவது கேள்வி.
அதற்குத் தோளைக் குலுக்கினான்.
அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தினை மணித்தியாலம் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?
நான் வேலையால வர ரெண்டு மணி.
கதவைத் திறக்க உள்ளுக்கை வெடிச் சத்தம் கேக்கும்.
அப்பாடா, பிள்ளை வீட்டை நிக்கிறான் எண்டு
சப்பாத்தைக் கழட்டுவன்."

அப்படியே சொன்னேன்.
பெனுவா எழுதினார்: பின்னிரவு வரை. துப்பாக்கி, ஆம்.
அதே சத்தம் கேட்டு ஒரு காலத்தில்
அவள் எந்தப் பக்கம் ஓடினாள் என்பதற்குத்
தாளில் கட்டம் இல்லை.

பிறகு யாரும் கேளாமலே,
"அவன் விளையாட்டுப் பிள்ளை, மிஸ்.
விளையாட்டாச் செய்துபோட்டான்."

பதினோரு வருடத்தில் முதன்முறையாக
வாய் திறந்தபடி நின்றது.

அந்தச் சொல்லை அந்தப் பக்கம் வைத்தால்
எழுந்து நேரே திரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
மண்டை உடைப்பது அவனுக்கு ஆட்டம் என்றாகும்.
அவள் சொன்னது அதுவா?
யோசியாமல், வன்மம் வையாமல், இன்னும் புத்தி வராமல்...
பிழை பெரிது, பிள்ளை சின்னன் என்கிறாள்.
விளையாட்டு வினையாகும் என்று
நம்மவர்கள் சொல்லிவைத்தபோது
யார் வீட்டிலும் கரண்டே இல்லை.

நானும் ஆடுகிறவன்தான், நாற்பத்துநான்கு வயதில்.
நேற்றிரவு, பிள்ளைகள் உறங்கியபின்,
முப்பத்தாறு பேரைச் சுட்டேன்.
கடைசி ஆள் விழுந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி
லஞ்ச் பாக்ஸுக்கு வெள்ளரிக்காய் நறுக்கினேன்.
தட்டைச் சுவரில் எறிந்தது வேறொரு நாள்.
குழியின் மேல் காலண்டர் தொங்குகிறது.
அன்று எதையும் ஆடவில்லை.
அன்று மதியம் முழுக்க நீதிமன்றத்தில் ஒரு தகப்பனுக்காக
நான் அடித்தேன், நான் கழுத்தைப் பிடித்தேன்
என்று சொல்லிவிட்டு வீடு போயிருந்தேன்.
எங்கள் தொழிலில் எல்லாம் 'நான்'தான்.
அதனால்தான் எறிந்தேன் என்று சொல்ல மாட்டேன்.
இல்லை என்றும்.

பெனுவா பேனாவை நிமிர்த்திக் காத்திருந்தார்.
இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள்,
நான் போக, சாரங்கன்.
எந்தச் சொல்லை எடுக்கப் போகிறேன் என்று
என் உதட்டையே பார்த்தான்.

அந்தச் சொல்லுக்கு எங்களிடம் இரண்டு பொருள், என்றேன்.
எது சரி, என்றார்.
தவமலரிடம் திருப்பிக் கேட்டேன்.
இவ்வளவும் தெரியாத ஆளா என்பதுபோல் பார்த்தாள்.
பையன்தான், அவர் மொழியில், தரையைப் பார்த்து,
"எனக்கு ஐந்து வயது என்று நினைக்கிறாள். அவ்வளவுதான்."
பெனுவா அதை எழுதவில்லை.
பதினோராவது கேள்விக்குப் போனார்.

வெளியே வந்தபோது பனி நின்றிருந்தது.
இரண்டு கார் தள்ளி
தாய் கோட்டுக் கையால் கண்ணாடியைத் துடைக்கிறாள்.
மறுபக்கம் அவன், பல்பொருள் அங்காடி அட்டையால்
சுரண்டுகிறான், மெதுவாக, ஓரம் ஓரமாக,
தூங்குகிற யாரையோ எழுப்பிவிடாமல் சுரண்டுவதுபோல.
அவர்களுடைய கட்டை போலீஸிடம், பிளாஸ்டிக் உறையில்.

என் கையில் ஒன்று இருக்கிறது.
வழக்குக்கு வெளியே அவர்களோடு பேசக்கூடாது.
கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
நீட்டினால்
அது எதில் சேரும்?